காயலான் கடைக்குப் போகிற வாஷிங் மெஷினும் எங்கள் ஊர் மல்லாட்டையும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

பழைய மிக்ஸி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷினைக் கண்ட இடத்தில் வீசாதீர்கள், மின்னணுக் கழிவு எடுப்பவரிடம் ஒப்படையுங்கள் என்று பேப்பர்களில் அடிக்கடி எழுதுகிறீர்கள். சரிதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீட்டை விட்டு இறங்கிய சாமான் கழிவு வண்டி ஏறுவதற்கு முன்னால் இன்னொரு இடத்தில் அஞ்சு வருஷம் பத்து வருஷம் உழைக்கும் ஐயா, அது எங்கள் அறுவடைக் களம். அதைப் பற்றி யாரும் எழுதக் காணோம், அதனால் நானே எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள், கரண்ட் விஷயம் வருகிற இடத்தை மட்டும் வெட்டாதீர்கள்.

பண்ருட்டிக்குத் தெற்கே செம்மண் பூமியில் எங்களுக்கு முக்கால் காணி, அதாவது ஒரு ஏக்கர் நிலம். மார்கழிப் பட்டத்தில் மல்லாட்டை போடுவோம். நீங்கள் நிலக்கடலை என்று அச்சடிப்பீர்கள், இந்தக் கடிதத்தில் மட்டும் மல்லாட்டை என்றே இருக்கட்டும். ஓரமாகப் பத்து செண்ட் உளுந்து, வேலி நெடுக முருங்கை, மேட்டில் முந்திரி. பதினோரு மரம் இருந்தது, 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நாலைச் சாய்த்துவிட்டுப் போனது, ஏழு மிச்சம். இவ்வளவுதான் எங்கள் சொத்து. இந்த அளவு நிலம் வைத்திருப்பவர்களுக்கு அறுவடைதான் பெரிய தலைவலி. விதைப்பதற்கு ஆள் கிடைத்துவிடும், பங்குனி சித்திரையில் ஊரே ஒரே சமயத்தில் செடி பிடுங்கும்போது செடியிலிருந்து காயை ஆய்வதற்கும் அடிப்பதற்கும் தூற்றுவதற்கும் ஆள் கிடைக்காது. ஆள் கிடைக்கிற அன்றைக்குக் கோடை மழை வந்து நிற்கும்.

மெஷின் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. உழவன் செயலியில் இ-வாடகைக்குப் பதிவு செய்யலாம், வேளாண்மைப் பொறியியல் துறையில் நாற்பது, ஐம்பது சதவீதம் மானியத்தில் வாங்கவும் செய்யலாம். நான் குறை சொல்லவில்லை, பக்கத்து ஊரில் நெல் போடுகிறவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் எங்கள் வரப்பில் பெரிய வண்டி இறங்கித் திரும்புவதற்கே பாதி வயல் வேண்டும். சொந்தமாக வாங்கலாம் என்றால், மானியம் பாதி போக மீதிப் பாதியை நாம் போட்டு வாங்கிய மெஷின் வருஷத்தில் மூணு நாள் ஓடும், மீதி நாளெல்லாம் அதில் கோழி அடையும்.

சரி, கதைக்கு வருகிறேன். என் கொழுந்தனார் கெட்ட ஃபேனுக்கும் மோட்டாருக்கும் செம்புக் கம்பிச் சுருளை, அதாவது காயிலை, புதுசாகக் கட்டுகிறவர். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டு தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கடலூரில் ஆற்றங்கரைப் பக்கத்து வீடுகளில் எல்லாம் தண்ணீர் புகுந்தது. அதற்கு அடுத்த மாதம் அவரோடு ஒரு காயலான் கடைக்குப் போயிருந்தேன். சேறு காய்ந்த ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. முன்பெல்லாம் பழசைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டோம், இப்போது கிலோ கணக்கு. தகரமும் செம்பும்தான் விலை, மோட்டார் ஓடுகிறதா இல்லையா என்று யாரும் பார்ப்பதில்லை, சம்மட்டியால் உடைத்துச் செம்புக் கம்பியை உருவிவிடுவார்கள். "அண்ணி, இதில் பாதி மோட்டார் நல்ல மோட்டார், காய வைத்தால் ஓடும்" என்றார். அன்றைக்கு இரும்பு விலை கொடுத்து ஒரு டபுள் டப் மெஷினும் ஒரு ஃபிரிட்ஜும் மினி வேனில் ஏற்றிக்கொண்டு வந்தோம். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்தது பார்வையே இல்லை.

ஆனால் நான் முதலில் சொல்ல வேண்டியது எங்கள் பரணிலேயே கிடந்த சாமானைப் பற்றி. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் வந்த ஃபேன்தான். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அந்த ஃபேன் மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாகச் சுற்றுகிறது, இல்லாவிட்டால் பரணில் கிடக்கிறது. மெதுவாகச் சுற்றினால் ஃபேன் செத்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். பெரும்பாலும் கண்டென்சர் போயிருக்கும், அல்லது புஷ்ஷில் எண்ணெய் காய்ந்து தலைமுடியும் தூசியும் சுற்றிக்கொண்டிருக்கும். கண்டென்சர் ஒரு சின்ன டப்பா, மாற்றினால் பழைய வேகம் வந்துவிடும். எங்களுடையதும் அப்படித்தான் உயிர் பெற்றது.

உளுந்தை எப்படித் தூற்றுவோம் என்று டவுனில் இருக்கிறவர்களுக்குத் தெரியாது. அடித்த உளுந்தை முறத்தில் அள்ளித் தோள் உயரத்துக்குத் தூக்கிச் சரிக்க வேண்டும், காற்று சருகையும் நெற்றுத் தோலையும் தள்ளிக்கொண்டு போகும், மணி நேராகக் கீழே விழும். காற்று அடித்தால்தான். காற்று இல்லாத நாளில் முறத்தைத் தூக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி நிற்க வேண்டியதுதான், எங்கள் மாமியார் சீழ்க்கை அடித்துக் காற்றைக் கூப்பிடுவார், வந்தும் இருக்கிறது. அந்த ஃபேனை ஒரு முக்காலியில் கட்டி, கீழே தார்ப்பாய் விரித்து, இரண்டு முழம் தள்ளி நின்று சரித்துப் பார்த்தேன். முதல் குவியல் கல்லும் கனத்த மணியும், அடுத்தது சுமாரான மணி, அதைத் தாண்டிச் சருகு, புழுதி. ஒரு மூட்டை உளுந்தைப் பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டேன், ஒற்றை ஆளாக. ஐம்பது வாட் ஃபேன் இருபது மணி நேரம் ஓடினால்தான் ஒரு யூனிட், கரண்ட் செலவை நினைத்து யாரும் பயப்பட வேண்டாம்.

எள்ளுக்கு இது கொஞ்சம் வேறு. எள் லேசு, மூணாம் நம்பரில் வைத்தால் நல்ல எள்ளே வேலிக்கு அப்பால் போய்விடும், எனக்குப் போனது. ஒண்ணாம் நம்பரில் வைத்து ஃபேனை இன்னும் இரண்டு முழம் பின்னால் தள்ளிக்கொள்ளுங்கள். கூண்டு இல்லாத ஃபேனைத் தொடவே வேண்டாம். சிலர் சீலிங் ஃபேனை நிமிர்த்தி மரச்சட்டத்தில் கட்டி ஓட்டுகிறார்கள், காற்று நன்றாக வரும், ஆனால் அந்த இறக்கைக்கு மறைப்பு கிடையாது, புடவைத் தலைப்பு போனால் கழுத்தும் கூடப் போகும். கோழி வலையையாவது முன்னும் பின்னும் அடித்துவிட்டு ஓட்டுங்கள். வேலை முடிந்ததும் ஃபேன் மோட்டாரில் ஏறிய தூசியைத் துடைத்து இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் அடுத்த வருஷத்துக்கும் வரும்.

இந்த ஃபேன் ஒன்றுக்காகவே கடிதம் எழுதலாம் என்று தோன்றியது, ஏனென்றால் காற்று இல்லை, களம் இல்லை என்று உளுந்தைத் தார் ரோட்டில் பரப்புகிறோம். நானும் பரப்பியிருக்கிறேன், மறைக்கவில்லை. வண்டி ஏறினால் நெற்று தானாக உடையும், ஆள் கூலி மிச்சம். ராத்திரியில் அந்தச் சருகு மேல் பைக் சறுக்கி ஒரு பையன் முட்டி பெயர்ந்து விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு விட்டுவிட்டேன்.

இப்போது வாஷிங் மெஷின். இரண்டு தொட்டி உள்ள மெஷின்தான் நமக்கு உதவும், ஒன்று துவைக்க, ஒன்று பிழிய, திருகி வைக்கிற டைமர். பலகை பலகையாக எலக்ட்ரானிக் போர்டு வைத்த புது மெஷின் கெட்டால் அதில் நாம் கை வைக்க ஒன்றும் இல்லை. வெள்ளத்தில் முங்கிய மோட்டாரை அப்படியே பிளக்கில் சொருகக் கூடாது, இதை எத்தனை தரம் சொன்னாலும் போதாது. கொழுந்தனார் அதைப் பிரித்துச் சேற்றைக் கழுவி, நாலு நாள் வெயிலில் வைத்து, கரண்ட் கசிகிறதா என்று காட்டுகிற மெகர் மீட்டரைப் போட்டுப் பார்த்து, ஒரு மெகா ஓம் கூடக் காட்டாத மோட்டாரை ஒதுக்கிவிட்டு, தேறியதற்கு வார்னிஷ் அடித்துத் திரும்ப மாட்டினார். பேரிங்கும் மாற்ற வேண்டியிருந்தது.

துவைக்கிற தொட்டியில் நாங்கள் பச்சை மல்லாட்டை கழுவுகிறோம். பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் அவித்து விற்கிறவர்கள் காயைப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள், எங்கள் செம்மண் ஒட்டிய காய் கருகல் மாதிரி தெரியும், ஆற்றுமணல் காட்டுக் காய் வெள்ளையாக இருக்கும். கையால் அலசினால் ஒரு கூடைக்கு ஒரு மணி நேரம், முதுகு ஒடியும். மெஷினில் அரைத் தொட்டி காய், காய் முங்கத் தண்ணீர், மூணு நிமிஷம், அவ்வளவுதான். அது ஒரு பக்கம் சுற்றி, நின்று, மறுபக்கம் சுற்றுவதால் காயோடு காய் உரசி மண் கழன்றுவிடுகிறது, தோல் உடையவில்லை. ஆனால் மண்ணோடு அப்படியே கொட்டிவிடாதீர்கள். முதலில் அண்டாவில் ஊறப்போட்டு ஒரு அலசு அலசி கட்டி மண்ணைப் போக்கிவிட்டுத்தான் மெஷினில் போட வேண்டும். இல்லாவிட்டால் அடியில் சுற்றுகிற தட்டுக்குக் கீழே மணல் புகுந்து, ஒழுகாமல் தடுக்கிற ரப்பர் சீல் அரிபட்டு, தண்ணீர் நேராக மோட்டார் மேல் ஒழுகும். எங்கள் முதல் சீல் ஒரே வாரம்தான் தாங்கியது. பழைய சோப்பு வாடை போக வெறும் தண்ணீரில் இரண்டு மூன்று தரம் ஓட விடுங்கள். கழிவுத் தண்ணீர் வாழைக்குப் போகிறது.

விதைக்கும் எண்ணெய்க்கும் எடுத்து வைக்கிற காயைக் கழுவவே கூடாது, இதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் யாராவது எல்லாவற்றையும் கொட்டிக் கழுவிவிட்டு என்னைத் திட்டுவார்கள். நனைந்த காய் காய நாளாகும், அதற்குள் பூசணம் பிடிக்கும், பச்சை மஞ்சளாகப் பிடிக்கிற அந்தப் பூசணத்தில் இருந்துதான் அஃப்ளாடாக்சின் என்கிற நஞ்சு வருகிறது, வறுத்தாலும் அவித்தாலும் அது முழுசாகப் போகாது. கழுவுகிற காய் அன்றைக்கே அவிக்கப் போகிற காயாக இருக்க வேண்டும்.

பிழிகிற தொட்டி முருங்கைக்கீரைக்கு. புதுச்சேரிப் பக்கம் முருங்கைப் பொடி கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், பச்சை மாறாமல் இருந்தால்தான் வாங்குவார்கள். கழுவிய கீரையில் தண்ணீர் நின்றால் நிழலில் காய்வதற்குள் கறுத்துவிடும். பழைய தலையணை உறையில் தளர்வாகப் போட்டு இருபது எண்ணுகிற நேரம் சுற்ற விட்டால் போதும். அந்தத் தொட்டி நிமிஷத்துக்கு ஆயிரத்து முன்னூறு சுற்றுக்கு மேல் போகும், ஐந்து நிமிஷம் விட்டால் கீரை இல்லை, துவையல்தான் வெளியே வரும். மூடியைத் திறந்தால் பிரேக் பிடித்து நிற்கிற மாதிரி ஒரு அமைப்பு வைத்திருப்பார்கள். அது உடைந்துவிட்டது என்று நேராக ஒயரைச் சேர்த்துவிட்டு ஓட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சுற்றுகிற தொட்டியில் கை போனால் மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும். பிரேக் இல்லாத மெஷினைப் பிழிய வைக்காதீர்கள், கழுவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மோட்டாரை மட்டும் தனியாகக் கழற்றி வேறு வேலைக்கு வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம். துவைக்கிற மோட்டாரில் மூணு ஒயர் வரும், ஒன்று பொது, மற்ற இரண்டுக்கும் நடுவே கண்டென்சர், இந்தப் பக்கத்து ஒயரில் கரண்ட் கொடுத்தால் வலம், அந்தப் பக்கம் கொடுத்தால் இடம். டைமர் மாற்றி மாற்றிக் கொடுப்பதால்தான் துணி இரண்டு பக்கமும் சுற்றுகிறது. ஒரே பக்கம் சுற்ற வேண்டிய வேலைக்கு டைமரை விட்டுவிட்டுத் தனி சுவிட்ச் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்த மோட்டாரின் பலம் கால் ஹெச்பிகூட இருக்காது, வேகமோ நிமிஷத்துக்கு ஆயிரத்து நானூறு சுற்றுப் பக்கம். பலம் கொஞ்சம், வேகம் அதிகம், இதைப் புரிந்துகொள்ளாமல் செய்ததால்தான் எங்கள் பங்காளி வீட்டில் அந்த விபத்து நடந்தது.

அவர் மகன் கெட்டிக்காரன், ஐடிஐ முடித்தவன். மல்லாட்டை ஆய்வதற்கு ஒரு மெஷின் செய்தான். முன்பக்கம் திறக்கிற பழைய வாஷிங் மெஷினின் ஓட்டை போட்ட எவர்சில்வர் டிரம்மை எடுத்து, அதில் சைக்கிள் ஸ்போக்ஸை வளைத்து வளைத்து மாட்டி, நெல் அடிக்கிற கால் மிதி மெஷின் மாதிரி ஆக்கி, மோட்டாரை நேராக அச்சில் இணைத்துவிட்டான். பெல்ட் புல்லி ஒன்றும் இல்லை. செடியின் வேரை அதில் காட்டினால் காய் தெறித்து விழும் என்று கணக்கு. தெறித்தது, காயோடு ஸ்போக்ஸும் தெறித்தது. ஒன்று சுவரில் குத்தி நின்றது. இரண்டாவது நாள் அவன் அம்மாவின் கைத்துண்டு அதில் மாட்டி, துண்டோடு விரலும் போனது. ஆள்காட்டி விரல் நுனி இல்லை இப்போது. அந்த மெஷினைக் கடப்பாரையால் உடைத்துப் போட்டார்கள், நல்ல மோட்டாரும் சேர்ந்து போனது.

அவன் செய்ததில் யோசனை தப்பில்லை. மோட்டாரில் இரண்டு அங்குல புல்லி, டிரம்மில் பன்னிரண்டு அங்குல புல்லி போட்டிருந்தால் வேகம் ஆறில் ஒரு பங்காக, இருநூற்று முப்பது சுற்றுப் பக்கம் இறங்கியிருக்கும், திருகுகிற விசையும் கூடியிருக்கும், ஏதாவது மாட்டினால் பெல்ட் வழுக்கிக்கொடுத்திருக்கும். டிரம்மைச் சுற்றித் தகர மூடி, செடி நுழைகிற அளவுக்கு மட்டும் ஒரு வாய். இதெல்லாம் விரல் போன பிறகு கொழுந்தனார் தரையில் சாக்பீஸால் படம் போட்டுக் காட்டியது. எனக்கு என்னவோ ஆய்வதற்கு மோட்டாரே வேண்டாம் என்றுதான் படுகிறது. சீப்பு மாதிரி பல் வைத்த இரும்புச் சட்டத்தை இடுப்பு உயரத்தில் நிறுத்தி, பிடி பிடியாகச் செடியை இழுத்தால் காய் உதிர்ந்துவிடுகிறது, நாலு பக்கமும் நாலு பேர் நின்று பேசிக்கொண்டே செய்யலாம், வெல்டிங் பட்டறையில் ஒரு நாள் வேலை. பல் வைத்து எது சுற்றினாலும் நான் அதன் பக்கம் போவதில்லை. இதைப் பயம் என்று எங்கள் வீட்டில் சொல்கிறார்கள், சொல்லட்டும்.

ஃபிரிட்ஜ் கதை என் தப்பு, அதையும் எழுதிவிடுகிறேன். ஓடாத ஃபிரிட்ஜ் தானியம் வைக்க ஒரு நல்ல குதிர். எலி ஓட்டை போடாது, பெருக்கான் நெருங்காது, கதவு ஓரத்து ரப்பரில் காந்தம் இருப்பதால் ஈரக்காற்று உள்ளே போகாது. விதை மல்லாட்டையைத் தோலோடு சாக்கில் கட்டி, மிளகாய் வற்றலும் வேப்பிலைச் சருகும் போட்டு வைத்துவிடலாம் என்று வைத்தேன். மழை மூட்டமாக இருந்ததால் காய் முக்கால் காய்ச்சல்தான், போதும் என்று நினைத்துவிட்டேன். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் முகத்தில் அடித்தது நாற்றம். வெளியே இருந்து ஈரம் உள்ளே போகாத பெட்டியில் உள்ளே இருந்த ஈரம் மட்டும் எப்படி வெளியே போகும்? அந்த வருஷம் விதையைக் காசு கொடுத்து வாங்கினேன். மல்லாட்டை எட்டு சதவீத ஈரத்துக்குக் காய வேண்டும் என்பார்கள். மீட்டர் நம்மிடம் ஏது, காயைக் காதோரம் ஆட்டினால் கலகல என்று பருப்பு ஆட வேண்டும், பருப்பைத் தேய்த்தால் தோல் உதிர வேண்டும், கடித்தால் வளையாமல் முறிய வேண்டும். அதற்கு அப்புறம்தான் பெட்டி. அதிலிருந்து குறை இல்லை.

பின்னால் இருக்கிற கம்ப்ரஸரை வெட்டி எடுக்கிறேன் என்று குழாயை அறுக்காதீர்கள். பின்பக்க ஸ்டிக்கரில் ஆர் 600ஏ என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பது தீப்பிடிக்கிற கேஸ், பக்கத்தில் கேஸ் வெல்டிங் போட்டால் முடிந்தது கதை. பழைய ஃபிரிட்ஜில் வேறு கேஸ், தீப்பிடிக்காது, ஆனால் காற்றில் விட்டால் ஊருக்கே கெடுதி. ஏசி மெக்கானிக்கைக் கூப்பிட்டு முறையாக இறக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அது பாட்டுக்கு இருக்கட்டும், குதிருக்கு அது இடைஞ்சல் இல்லை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் வெளியே கொக்கி போட்டுப் பூட்டு மாட்டுங்கள். ஒளிந்து விளையாட அதைவிட நல்ல இடம் பிள்ளைகளுக்குக் கிடைக்காது, உள்ளே இருந்து கத்தினால் நமக்குக் கேட்கவும் கேட்காது.

மிக்ஸியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அது நிமிஷக்கணக்கில் ஓடுகிற மோட்டார், களத்து வேலைக்கு ஆகாது, புகைந்துவிடும். டேபிள் டாப் கிரைண்டரில் குழவியை எடுத்துவிட்டு, வழிக்கிற பலகையை மட்டும் வைத்து, துவரைக்குச் செம்மண் கட்டுகிறேன், உளுந்துக்கு எண்ணெய் புரட்டுகிறேன், சோளத்தட்டை விளக்குமாறு வைத்துப் புரட்டியதைவிடச் சீராகப் பிடிக்கிறது, வண்டும் வரவில்லை. விதை மருந்து கலந்தால் அந்தக் கிரைண்டர் மறுபடி அடுப்படிக்கு வரக் கூடாது. 2006க்கு அப்புறம் அரசு கொடுத்த கலர் டிவியால் அறுவடைக்கு ஒரு பயனும் இல்லை, பிக்சர் டியூப் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, அதை உடைக்காமல் கழிவு எடுப்பவரிடமே கொடுங்கள்.

முந்திரிக்கு மட்டும் எந்த வீட்டுச் சாமானையும் கொண்டு போகாதீர்கள் ஐயா. பண்ருட்டிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கொட்டை ஓட்டில் இருக்கிற எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். கொட்டை கழுவலாம், உருட்டலாம் என்று வாஷிங் மெஷினில் போட்டால் அந்த எண்ணெய் தொட்டியில் ஏறிக்கொள்ளும், அடுத்த நாள் அதே தொட்டியில் கீரையைப் போட்டால் சாப்பிடுகிறவர் வாய் என்ன ஆகும்? ஒரு மெஷின் ஒரு வேலைக்கு என்று வைத்துக்கொள்வதுதான் நல்லது.

வெட்டாதீர்கள் என்று சொன்ன இடம் இதுதான். ஃபேன் என்றாலும் மெஷின் என்றாலும், வீட்டுக்குள் காய்ந்த தரையில் செருப்புப் போட்ட காலோடு தொடுகிற சாமானை நாங்கள் ஈரக் களத்தில் வெறுங்காலோடு தொடுகிறோம். வீட்டில் சுள்ளென்று அடிக்கிற கரண்ட் கசிவு களத்தில் ஆளைக் கொல்லும். மூணு முள் பிளக்கில் மூணாவது முள்ளை உடைத்துவிட்டுச் சொருகுகிற பழக்கத்தை விடுங்கள், எர்த் ஒயரை மெஷின் தகரத்தோடு இணைத்து, அந்த எர்த் நிஜமாகவே பூமிக்குப் போகிறதா என்று ஆள் வைத்துப் பாருங்கள். முப்பது மில்லி ஆம்பியர் கரண்ட் கசிந்தாலே தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கிற ஆர்சிசிபி சுவிட்ச் ஒன்றை இந்த இணைப்புக்கு முன்னால் போட்டே ஆக வேண்டும். நாங்கள் வாங்கிய பழைய மெஷின், பேரிங், சீல் எல்லாம் சேர்த்த செலவைவிட அது ஒன்றின் விலை அதிகம் என்று என் வீட்டுக்காரர் முனகினார். போட்ட இரண்டாம் மாதம் ஒரு தரம் டப்பென்று விழுந்தது, பார்த்தால் மோட்டார் மேல் தண்ணீர். அன்றோடு முனகல் நின்றது. வேலி மேல் போட்ட ஒயர், நடுவில் டேப் சுற்றாத ஜாயின்ட், மழை தூறும்போது "இன்னும் ஒரு கூடைதான்" என்று ஓட்டுவது, இதெல்லாம் நம் ஊரில் தினம் நடக்கிறது.

இப்போது நான் கேட்பது. ஊருக்கு ஊர் இந்த மாதிரி பழைய சாமானை வைத்து ஆளுக்கு ஒன்று செய்துகொண்டுதான் இருக்கிறார்கள், குத்துமதிப்பாக, யூடியூப் பார்த்து, விரலைக் கொடுத்து. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ. என்று பேர் போட்டு எத்தனை மல்லாட்டை ரகம் கொடுத்திருக்கிறது, அங்கேயே வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது. ரகத்தைக் கொடுத்தவர்கள், பொறியியல் துறைக்காரர்களையும் ஐடிஐ வாத்தியார்களையும் கூட்டிக்கொண்டு, பங்குனிக்கு முன்னால் ஒரு நாள் பண்ருட்டியில் உட்காரட்டும். நாங்கள் எங்கள் சாமானைத் தூக்கிக்கொண்டு வருகிறோம். எந்த மோட்டார் எந்த வேலைக்கு ஆகும், எந்த அளவு புல்லி, எங்கே மூடி போட வேண்டும், எர்த் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லட்டும். ஆகாது என்றால் ஆகாது என்று சொல்லட்டும், அங்கேயே கழிவு வண்டியில் ஏற்றிவிடுகிறோம். 2023 ஏப்ரலிலிருந்து மின்னணுக் கழிவுக்குப் புது விதி இருக்கிறதே, கம்பெனிகளே தங்கள் பழைய சாமானுக்குப் பொறுப்பு என்று, அந்த வண்டியையும் அன்றைக்கே வரச் சொல்லலாம்.

காயலான் கடைக்காரர்களிடமும் ஒரு கோரிக்கை. மோட்டாரைச் சம்மட்டியால் உடைப்பதற்கு முன்னால் ஒரு ஓரமாக எடுத்து வையுங்கள். செம்பு விலைக்கு மேல் நூறு இருநூறு கூடக் கொடுத்து வாங்கிக்கொள்ள எங்களைப் போல ஆள் இருக்கிறது.

உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். உங்கள் விவசாயப் பக்கத்தில் அந்த மூணு ஒயர் மோட்டாரின் படத்தையும், புல்லிக் கணக்கையும், எர்த் எப்படிப் போடுவது என்பதையும் பெரிதாக, கறுப்பு வெள்ளையில், கத்தரித்துச் சுவரில் ஒட்டுகிற மாதிரி ஒரு தரம் போடுங்கள். படம் வேண்டுமென்றால் கொழுந்தனார் போட்டுத் தருகிறேன் என்கிறார், சாக்பீஸ் இல்லை, பேனாவிலேயே.

அடுத்த வாரம் உளுந்து பிடுங்குகிறோம். ஃபேனுக்கு எண்ணெய் விட்டாகிவிட்டது. பங்காளி வீட்டு அக்காவும் அவர்கள் உளுந்தை இங்கேயே கொண்டு வந்து தூற்றிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
பண்ருட்டி வட்டம், கடலூர் மாவட்டம்.